திரைப்பட மாணவரின் ஒரு நாள்: பார்ப்பது, எடுப்பது, அதற்கு நடுவில் உள்ளது

நீங்கள் கேட்டது இது: "திரைப்படக் கல்லூரியில் சேர நினைக்கிறேன். அங்கே ஒரு மாணவருக்கு நாள் எப்படிப் போகும்? தினமும் எத்தனை படம் பார்க்க வேண்டியிருக்கும்? நாமே எடுக்க எப்போது விடுவார்கள்? சேர்வதற்கு முன்பே ஏதாவது செய்யலாமா?"

படத்தொகுப்பு படித்து, அதையே தொழிலாகச் செய்து, இப்போது மாணவர்களின் குறும்படங்களை அவர்களோடு உட்கார்ந்து தொகுக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். என் சாய்வு எடிட்டிங் மேசைப் பக்கம்தான் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எடுக்க விடுவதில் தாமதம் இருக்காது. பெரும்பாலான பள்ளிகளில் முதல் சில வாரங்களிலேயே கேமராவைக் கையில் கொடுத்து எதையாவது எடுத்துவரச் சொல்லிவிடுவார்கள். வசனம் இல்லாத ஒரு நிமிடப் படம், பத்துப் புகைப்படங்களில் ஒரு கதை, ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும் காட்சி என்று சின்னச் சின்னப் பயிற்சிகள். காவியம் எடுக்க வந்தவருக்கு இந்தக் கதவுக் காட்சி அவமானமாகத் தோன்றும். எடுத்து ஒட்டிப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும். வெளியிலிருந்து எடுத்த ஷாட்டில் (கேமராவை ஒருமுறை நிறுத்தாமல் ஓடவிட்டு எடுத்த துண்டுதான் ஷாட்) வலது கையால் கைப்பிடியைத் தொட்டவர், உள்ளிருந்து எடுத்த ஷாட்டில் இடது கையால் தள்ளிக்கொண்டு வருவார். வெளியே தயங்கி நடந்தவர் உள்ளே விறுவிறு என்று நுழைவார். இரண்டையும் சேர்த்தால் இரண்டு வேறு மனிதர்கள். கதவைக் கடப்பதற்கே இவ்வளவு பாடு என்றால் காதலையும் சாவையும் எப்படிக் கடப்பது என்ற கவலை அன்றுதான் முதலில் வரும். அது நல்ல கவலை.

ஆனால் நாளின் பெரும்பகுதி எடுப்பதிலும் போகாது, பார்ப்பதிலும் போகாது. கேமராவும் முக்காலியும் மைக்கும் யாருக்கு எந்த நாள் என்று கருவி அறையில் பதிவு செய்ய வேண்டும். படப்பிடிப்புக்கு இடம் தேட வேண்டும்; கிடைத்த இடத்துக்கு அனுமதி கேட்டு அலைய வேண்டும். நடிக்க ஒப்புக்கொண்டவர் முதல் நாள் இரவு வர முடியாது என்பார். திரைக்கதையின் நான்காவது வரைவை ஆசிரியர் படித்துவிட்டு, இரண்டாவது வரைவில் நீங்கள் நீக்கிய காட்சியைத் திரும்பக் கேட்பார். நடுவில் வகுப்புத் தோழர் ஒருவரின் படப்பிடிப்புக்குப் போய் நாள் முழுக்க விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஐந்து நிமிடப் படம் ஒன்றுக்கு முன்னும் பின்னுமாகப் பல வாரங்கள் போகும். அதில் கேமரா ஓடுகிற நேரம் சில மணி நேரம்கூட இருக்காது. ஓடியாடித் தொலைபேசியில் கெஞ்சுவது பிடிக்காதவர்கள் இந்தப் படிப்பில் மிகவும் சலித்துப்போவார்கள். திறமை இருந்தும் பாதியில் விட்டுப் போகிறவர்களில் பலருக்குக் கலை கைவிட்டதல்ல காரணம். இந்தக் கெஞ்சல்தான் காரணம்.

இனி படம் பார்ப்பது. தினமும் எத்தனை என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையில் பெருமை கொள்கிற மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். சத்யஜித் ராய் 1950-ல் அலுவலக வேலையாக லண்டனுக்குப் போய், அங்கிருந்த சில மாதங்களில் ஏறத்தாழ நூறு படங்கள் பார்த்தார் என்பதை அவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். உண்மைதான். அந்த நூறில் 'சைக்கிள் திருடர்கள்' என்ற இத்தாலியப் படம் அவரை உலுக்கியதும், ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து தொழில்முறை நடிகர் அல்லாதவர்களை வைத்துப் படம் எடுக்க முடியும் என்ற நம்பிக்கையை அவருக்குத் தந்ததும் உண்மை. ஆனால் அதே ராய் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வேறொரு பயிற்சியும் செய்துவந்தார். ஒரு கதை படமாகப் போகிறது என்று அறிவிப்பு வந்தால், தாமே அதற்குத் திரைக்கதை எழுதி வைத்துக்கொள்வார். படம் வெளிவந்ததும் போய்ப் பார்த்து, தாம் எழுதியதோடு ஒப்பிடுவார். நூறு படங்களில் எதை எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரிந்திருந்ததற்கு இந்தப் பழக்கமும் காரணம் என்று நினைக்கிறேன். நூறு படத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே என் பதில்: பள்ளியில் வாரத்துக்குச் சில படங்கள் திரையிடுவார்கள், அவற்றை விடாதீர்கள். அதற்கு மேல் புதிய படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, ஒரே படத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். முதல் முறை இருட்டில், குறிப்பு எதுவும் எடுக்காமல், சாதாரண ரசிகராக முழுதாகப் பாருங்கள். இதில் மாணவர்கள் தவறுகிறார்கள். முதல் முறையே பேனாவோடு உட்கார்ந்தால் படம் உங்களை ஒன்றும் செய்யாது, உங்களை ஒன்றும் செய்யாத படத்திலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. மறுநாள், உங்களைப் பாதித்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் போதும். ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இசை இல்லாமலும் அந்தக் காட்சி நிற்கிறதா, அல்லது இசைதான் தாங்கிப் பிடித்திருந்ததா என்பது உடனே தெரிந்துவிடும். பிறகு படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். எத்தனை அடுக்குகள் என்று எண்ணுங்கள்: பேச்சு, காலடி, துணியின் சரசரப்பு, தூரத்து வாகனம், அறையின் மெல்லிய இரைச்சல், கடைசியில் இசை.

அதன் பிறகு ஒரு தாளில் ஷாட் ஷாட்டாக எழுதுங்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு அருகில், கேமரா எந்த உயரத்தில், யார் எந்தப் பக்கம் பார்க்கிறார், அடுத்த ஷாட்டுக்கு எந்த அசைவில் அல்லது எந்தச் சொல்லில் வெட்டு விழுகிறது. மூன்று நிமிடக் காட்சிக்கு ஒரு மாலைப்பொழுது முழுதாகப் போகும். கை வலிக்கும். ஆனால் எழுதி முடிக்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள்: பார்க்கும்போது முகத்தை மட்டும் காட்டும் குளோசப் என்று நினைத்திருந்தது இடுப்புவரை காட்டும் மிட் ஷாட்டாக இருக்கும், வேகமான காட்சி என்று நினைவில் தங்கியதில் மொத்தம் ஏழே ஷாட்டுகள் இருக்கும், பேசுகிறவரின் முகத்தைவிடக் கேட்கிறவரின் முகம்தான் அதிக நேரம் திரையில் இருந்திருக்கும். நினைவு நமக்குக் காட்டுகிற படம் வேறு, திரையில் ஓடிய படம் வேறு. இயக்குநர் கைவைக்கும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இப்படிப் பார்க்கத் தொடங்கியதும் முதல் சில மாதங்கள் எந்தப் படத்தையும் ரசிக்க முடியாமல் போகும். அழ வேண்டிய இடத்தில் லென்ஸ் எது என்று மனம் ஓடும். வீட்டில் உள்ளவர்கள் உங்களோடு படம் பார்க்க மறுப்பார்கள். அது அவர்கள் உரிமை. ரசனை திரும்பி வரும். ஓராண்டு கழித்து, நல்ல காட்சி வந்தால் பகுப்பாய்வு தானாக அணைந்துவிடும். அப்படி உங்களை மறக்கவைத்த காட்சிகளைத்தான் மறுநாள் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரித்துப் பார்த்துக் கற்பது புதிய யோசனை இல்லை. திரைப்படப் பள்ளி என்ற ஒன்று தோன்றியதே ஏறக்குறைய இப்படித்தான். 1919-ல் மாஸ்கோவில் தொடங்கிய அரசுத் திரைப்படப் பள்ளி உலகின் மிகப் பழைய பள்ளிகளில் ஒன்று. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஃபிலிம் சுருள் கிடைக்காது. அங்கே பாடம் நடத்திய லெவ் குலெஷோவும் அவருடைய மாணவர்களும் ஃபிலிமே இல்லாமல் படம் எடுப்பதுபோல் ஒத்திகை பார்த்தார்கள். கையில் இருந்த பழைய படங்களை வெட்டி வேறு வரிசையில் ஒட்டிப் பார்த்தார்கள். அந்தக் காலத்துச் சோதனை ஒன்று இன்றும் பல பள்ளிகளில் தொடக்கப் பாடம். மஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை எடுத்து, ஒருமுறை ஒரு கிண்ணம் சூப்புக்கு அடுத்தும், ஒருமுறை சவப்பெட்டிக்கு அடுத்தும் வைத்தார்கள். மூன்றாவதாக வைத்தது விளையாடும் குழந்தையா, ஒரு பெண்ணா என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுபடுகிறார்கள். பார்த்தவர்களோ பசியையும் துயரத்தையும் நடிகர் அற்புதமாக நடித்திருக்கிறார் என்று பாராட்டினார்களாம். முகம் மாறவே இல்லை. பக்கத்தில் இருந்த ஷாட் மட்டும் மாறியது. இதைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது. உங்கள் நண்பரின் வெறும் முகத்தை எடுத்து, மூன்று வேறு பொருள்களுக்குப் பக்கத்தில் வைத்து, விஷயம் தெரியாத யாருக்காவது போட்டுக் காட்டுங்கள். அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு நடிகரிடம் "இன்னும் கொஞ்சம் சோகமாக" என்று சொல்வதைப் பெருமளவு குறைத்துக்கொள்வீர்கள்.

படப்பிடிப்பு நாளுக்கு வருகிறேன். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. ஒரு பக்கத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, இன்றைக்கு இரண்டு பக்கமும் மூன்று பங்கும் என்று அட்டவணை போடுவார்கள். மாணவர் போடும் முதல் அட்டவணையில் ஒரே நாளில் முப்பது ஷாட்டுகள் இருக்கும். மாலை வெளிச்சம் போகும்போது பதினொன்றோ பன்னிரண்டோ முடிந்திருக்கும். ஒவ்வொரு முறை கேமராவை வேறு பக்கம் திருப்பும்போதும் விளக்கு, மைக், பின்னணியில் தெரியும் சாமான்கள் எல்லாமே இடம் மாற வேண்டும் என்பதை அட்டவணை போட்டவர் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். அதனால்தான் கதை வரிசையில் எடுக்காமல், கேமரா ஒரே திசையை நோக்கி எடுக்க வேண்டிய எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, பிறகு ஒரே ஒருமுறை திரும்புகிறார்கள்.

இருவர் பேசும் காட்சியில் இரண்டு விதிகள் உங்களை விடாமல் துரத்தும். இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். 180 டிகிரி விதி என்பது இதுதான். கோட்டைத் தாண்டினால் எதிரெதிரே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று ஒரே திசையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷாட்டில் காட்டினால், கோணம் குறைந்தது 30 டிகிரியாவது மாற வேண்டும் என்பது மற்றொன்று. இல்லாவிட்டால் படம் குதித்ததுபோல் இருக்கும். பெரிய இயக்குநர்கள் இவற்றை மீறியிருக்கிறார்களே என்று எல்லோரும் கேட்பார்கள். மீறியிருக்கிறார்கள். ஆனால் மீறினால் பார்வையாளர் தடுமாறுவார் என்று தெரிந்து, அந்தத் தடுமாற்றம் தேவைப்பட்ட இடத்தில் மீறினார்கள்.

கேமராவைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மாணவர்கள் ஏற்கெனவே அதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்), ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரம், ஏறத்தாழ நொடியில் 50-ல் ஒரு பங்கு என்று வைத்தால் அசைவு கண்ணுக்கு இயல்பாக இருக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால், அந்த ஷட்டர் வேகம் சரியாக இரண்டு துடிப்புகளை உள்வாங்கி, படம் சிமிட்டாமல் காக்கும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 60-ல் ஒரு பங்கு. இவ்வளவு தெரிந்தால் முதல் ஆண்டுக்குப் போதும். விளக்கு இல்லையே என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: சுப்ரத மித்ரா. ராயின் முதல் படத்துக்கு ஒளிப்பதிவு செய்ய வந்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. 1956-ல் வந்த 'அபராஜிதோ'வில், ஸ்டூடியோவில் போட்ட முற்றத்து வீட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதில் பட்டுத் திரும்பச் செய்து, மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சத்தை உண்டாக்கினார். வெள்ளைத் துணி உங்களிடமும் இருக்கும்.

ஒலிதான் மாணவர் படங்களைக் கொல்வது. கொஞ்சம் கலங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் இரண்டே நிமிடத்தில் எழுந்துவிடுவார். ஆனாலும் குழுவில் யாருக்கும் ஒலிப்பதிவு செய்ய விருப்பம் இருக்காது. கடைசியாக வந்தவர் கையில் மைக் மாட்டிய நீண்ட பூம் கழியைக் கொடுத்துவிடுவார்கள். அந்த வேலையை நீங்களாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பது என் ஆலோசனை. ஹெட்போன் போட்டுக்கொண்டு, நடிகரின் வாய்க்குச் சற்று மேலே, ஃபிரேமுக்குள் வராமல், நிழலும் விழாமல் மைக்கை நகர்த்திக்கொண்டிருப்பவருக்கு, அந்த வசனம் எந்த இடத்தில் பொய்யாக ஒலித்தது என்பது இயக்குநருக்கு முன்பே தெரியும். நடிப்பைக் கேட்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் படப்பிடிப்புத் தளத்தில் இல்லை.

ஒலிப்பதிவாளர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. வீட்டுக்குள் எடுக்கும்போது குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் பதிவாகாமல் இருக்க அதை அணைத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் மறந்துபோய் அணைத்தபடியே விட்டுவிட்டுக் கிளம்பினால் வீட்டுக்காரரின் சாமான் எல்லாம் கெட்டுப்போகும். அதனால் அணைத்த கையோடு தங்கள் வண்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதே! இன்னொரு வழக்கம், ஒவ்வோர் இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் ஒலியை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பதிவு செய்வது. மௌனத்துக்கும் ஒலி உண்டு. ஒவ்வோர் அறையின் மௌனமும் வேறு. அது கையில் இல்லாவிட்டால் வசனங்களுக்கு நடுவே வெட்டும் இடமெல்லாம் காதில் குழி விழும். களைத்துப்போன குழு இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்க்கத்தான் பார்க்கும். விடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். தூங்காமல் வேலை செய்வதை வீரமாக எண்ணும் வழக்கம் மாணவர்களிடையே இருக்கிறது. 1997-ல் அமெரிக்காவில் 19 மணி நேரம் நீண்ட படப்பிடிப்பு நாளை முடித்துவிட்டு வீட்டுக்குக் காரோட்டிச் சென்ற உதவி ஒளிப்பதிவாளர் ஒருவர் வழியில் கண்ணயர்ந்து விபத்தில் இறந்தார். அதன் பிறகு ஹாஸ்கெல் வெக்ஸ்லர் என்ற மூத்த ஒளிப்பதிவாளர் 12 மணி நேரம் வேலை, 12 மணி நேரம் ஓய்வு என்பதற்காகப் பல ஆண்டுகள் போராடினார். அதைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். ஐந்து நிமிடப் பயிற்சிப் படத்துக்காக இரவு முழுக்க விழித்தவர்களை வண்டி ஓட்டிக்கொண்டு போகச் சொல்லும் இயக்குநரோடு அடுத்த முறை வேலை செய்யாதீர்கள். ஏணியின் உச்சிப் படியில் நிற்கச் சொன்னாலும், மணல் மூட்டை போடாத விளக்குக் கம்பத்துக்குக் கீழே நடிக்கச் சொன்னாலும் இதே பதில்தான்.

எடுத்தவை பத்திரமாக இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் மெமரி கார்டை நகலெடுக்கும் வேலையை அன்று மிகவும் களைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். இந்த வேலைக்கு அன்றைக்குத் தூங்கி எழுந்தவர் ஒருவர் வேண்டும்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். எடுத்ததை முதன்முறை முழுதாகப் பார்க்கும் நாள் மாணவர் வாழ்க்கையில் மிக மோசமான நாள். மனத்தில் ஓடிய படம் ஒன்றும் திரையில் இருக்காது. ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்ததில், நடிகர் அழகாகத் திரும்பிப் பார்த்த அந்த ஒரு டேக்கில் ஃபோகஸ் போயிருக்கும். முக்கியமான ஷாட்டில் கோப்பை நிறைந்திருக்கும், அதற்கு முந்தைய ஷாட்டில் காலியாகியிருக்கும். பலர் இந்த இடத்தில் கணினியை மூடிவிட்டு ஒரு வாரம் தொடமாட்டார்கள். எனக்கு இது புரிகிறது; ஆனால் நான் முன்பு சொன்ன காட்சிப் பிரிப்பு வேலை பயன்படும் இடமும் இதுதான். பிறர் காட்சிகளை ஷாட் ஷாட்டாக எழுதிப் பழகியவருக்கு, இல்லாத ஷாட்டை எப்படிக் கடப்பது என்று தோன்றும். பேசுகிறவரின் முகம் சரியில்லையா, கேட்கிறவரின் முகத்தில் தங்கிக்கொண்டு வசனத்தை ஒலியில் மட்டும் ஓட விடலாம். அடுத்த காட்சியின் ஒலியை இரண்டு நொடி முன்கூட்டியே நுழைத்தால், ஒட்டாத இரண்டு இடங்கள் ஒட்டிக்கொள்ளும். எழுந்திருக்கும் அசைவின் நடுவில் வெட்டினால் கோப்பையை யாரும் பார்க்கமாட்டார்கள். காட்சிகளைப் பிரித்துப் பழகாதவருக்கு இருக்கும் ஒரே வழி, மேலே இசையைக் கொட்டுவது. மாணவர் படங்களில் இசை அளவுக்கு மீறி இருந்தால், அடியில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கும் மாணவர் ஆண்டுதோறும் ஒருவர் வருவார். ஹிட்ச்காக் 1948-ல் 'ரோப்' படத்தை நீண்ட நீண்ட ஷாட்டுகளாக எடுத்தார். 35 மில்லிமீட்டர் கேமராவில் ஏற்றக்கூடிய ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடத்துக்குத்தான் வரும். அதனால் ஒருவரின் முதுகுக்கு அருகே போய் இருட்டாக்கிச் சில வெட்டுகளை மறைத்தார். 2002-ல் வந்த 'ரஷ்யன் ஆர்க்' டிஜிட்டல் முறையில், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான முழுப் படத்தையும் உண்மையிலேயே ஒரே ஷாட்டில் முடித்தது. இரண்டிலும் தொகுப்பு ஒழிந்துவிடவில்லை. எங்கே அருகில் போவது, யாரை எப்போது காட்டுவது, எங்கே தாமதிப்பது என்ற முடிவுகள் எல்லாம் ஒத்திகையிலேயே எடுக்கப்பட்டன. ஒத்திகை பார்க்க நேரமில்லாதவர் ஒரே ஷாட்டில் எடுத்தால், சலிப்பான இடத்தை வெட்டி எறியும் வசதியையும் இழந்துவிடுகிறார்.

இன்னொரு பயிற்சி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் எடுத்த காட்சியின் எல்லா டேக்குகளையும் ஐந்து மாணவர்களிடம் தனித்தனியாகக் கொடுத்துத் தொகுத்துவரச் சொல்வார்கள். ஐந்து படங்கள் வரும். ஒன்றில் கணவன் குற்றவாளி, இன்னொன்றில் மனைவி. மூன்றாவதில் இருவருமே பாவம். எடுத்தவர் அதிர்ச்சியோடு உட்கார்ந்திருப்பார். இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால் தவறவிடாதீர்கள். உங்கள் பொருளைப் பிறருக்குக் கொடுக்கவும் தயங்காதீர்கள்.

பிறகு திரையிடல். உங்கள் படம் ஓடும்போது திரையைப் பார்க்காதீர்கள்; அதை நூறு முறை பார்த்துவிட்டீர்கள். பார்க்கிறவர்களைப் பாருங்கள். எந்த இடத்தில் உட்காரும் நிலையை மாற்றுகிறார்கள், எந்த இடத்தில் கைபேசி வெளிச்சம் தெரிகிறது, நீங்கள் எதிர்பாராத இடத்தில் யார் சிரிக்கிறார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பது கடினம். அதற்கும் பயிற்சி வேண்டும். வகுப்புத் தோழர்கள் குறையைச் சொல்வதோடு நிற்காமல் தீர்வையும் சொல்வார்கள்: இங்கே ஒரு கனவுக் காட்சி வைத்திருக்கலாம், முடிவில் அவன் செத்திருக்கலாம் என்று. தீர்வை அங்கேயே விட்டுவிடுங்கள், அது அவர்கள் எடுக்க விரும்பும் படம். ஆனால் மூன்று பேர் ஒரே இடத்தில் குழம்பினார்கள் என்றால் அந்த இடத்தில் உண்மையிலேயே ஏதோ பழுது இருக்கிறது.

பள்ளி இல்லாமல் இதையெல்லாம் கற்க முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியும். பிரெஞ்சுப் புதிய அலை என்ற திரைப்பட இயக்கத்தைச் சேர்ந்த இயக்குநர்கள் த்ரூஃபோவும் கோதாரும், பழைய படங்களைச் சேமித்துத் திரையிடும் பாரிஸின் சினிமாதெக்கில் படம் பார்த்து, 1951-ல் தொடங்கிய 'கையே து சினிமா' இதழில் அதைப் பற்றி எழுதி, அதன் பிறகு எடுக்க வந்தவர்கள். கவனியுங்கள், பார்த்ததற்கும் எடுத்ததற்கும் நடுவில் எழுதினார்கள். பள்ளி தருவது வேறு: கெடு, கருவி, முக்கியமாக உங்களோடு சண்டை போடச் சிலர். போலந்தின் வூட்ஜ் நகரில் 1948-ல் தொடங்கிய திரைப்படப் பள்ளியின் மரப் படிக்கட்டு இதற்குப் பெயர்போனது. திரையிடலுக்கு முன்னும் பின்னும் அந்தப் படிகளில் உட்கார்ந்து மாணவர்கள் படங்களைப் பற்றி வாதாடினார்கள். புகழ்பெற்ற இயக்குநர்களான போலான்ஸ்கியும் வைதாவும் அங்கே படித்தவர்கள்தான். உங்கள் பள்ளியில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுங்கள்.

சேர்வதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். கேமரா வாங்காதீர்கள். கைபேசியை 24 ஃபிரேமில் வைத்து, வெளிச்ச அளவைப் பூட்டிக்கொண்டு, இரண்டு பேர் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து ஒரு சாவியைக் கொடுத்து வாங்கும் காட்சியை எடுங்கள். வசனம் வேண்டாம். ஒருவருக்குக் கொடுக்க மனமில்லை என்பது பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும், நிபந்தனை அவ்வளவுதான். தொகுத்துப் பாருங்கள், சரியில்லாவிட்டால் அதே காட்சியை மறுபடி எடுங்கள், புதிய கதைக்குத் தாவாதீர்கள். அதே வாரத்தில் உங்களுக்குப் பிடித்த படத்திலிருந்து இப்படிப் பொருள் கைமாறும் ஒரு காட்சியைத் தேடி, ஷாட் ஷாட்டாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் பிடித்த படம் எது என்று கேட்பார்கள். பெயரைச் சொல்லிவிட்டு, அந்தக் காட்சியில் வெட்டு எங்கே விழுகிறது, நீங்கள் எடுத்ததில் எங்கே விழுந்தது என்று சொல்லத் தொடங்குங்கள்; மீதிக் கேள்விகளை அவர்களே அதிலிருந்து கேட்டுக்கொள்வார்கள்.